ஒரு ராத்திரிச் சாப்பாடும் ஐந்து கோடி பவுண்டும்

இங்கிலாந்தின் வடக்கு யார்க்‌ஷயரில் ஹாஸ் என்று ஒரு சிற்றூர். ஆடு மேயும் பள்ளத்தாக்கு. வென்ஸ்லிடேல் பாலாடைக்கட்டிக்குப் பேர்போன இடம். ஊருக்கு வெளியே பழைய மாளிகை ஒன்றை ஹோட்டலாக மாற்றியிருக்கிறார்கள். 2015 மார்ச் 4 அன்று, பகல் முழுக்க வெளிப்புறப் படப்பிடிப்பில் இருந்த தொலைக்காட்சிக் குழு ஒன்று இரவு தங்க அங்கே வந்தது. குழுவின் நட்சத்திரம் வந்து சேர்ந்த நேரத்தில் சூடாக எதுவும் இல்லை. ஆறிய இறைச்சித் துண்டுகளைத் தட்டில் அடுக்கித் தரலாம் என்றார்கள். அவருக்கு வேண்டியிருந்தது ஸ்டேக். சாப்பாட்டுக்கு ஏற்பாடு செய்யவில்லை என்று குழுவின் தயாரிப்பாளர் மேல் கோபம் திரும்பியது. அடித்தார். 30 விநாடி நீடித்த அடியை, பக்கத்தில் இருந்த ஒருவர் குறுக்கே புகுந்து நிறுத்தினார். தயாரிப்பாளரின் உதடு வீங்கி ரத்தம் வந்தது. வசவு அடியோடு நிற்கவில்லை, அதற்குப் பிறகும் நெடுநேரம் தொடர்ந்தது. வேலையை விட்டே தூக்கிவிடுவேன் என்ற மிரட்டலும் அதில் உண்டு. அடி வாங்கியவர் தானே காரை ஓட்டிக்கொண்டு மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போனார்.

இதெல்லாம் பிற்பாடு பிபிசி நடத்திய உள்விசாரணையில் பதிவானது. அதே அறிக்கையில் இன்னும் இரண்டு செய்திகள் இருக்கின்றன. பத்திரிகைகள் அவற்றை அதிகம் கவனிக்கவில்லை. ஒன்று, தயாரிப்பாளர் முறைப்படி புகார் எதுவும் கொடுக்கவில்லை. இரண்டு, நடந்ததை நிர்வாகத்துக்குச் சொன்னவர் அடித்தவரே. குறுஞ்செய்தி, மின்னஞ்சல், நேரில் என்று பலமுறை மன்னிப்புக் கேட்கவும் முயன்றிருக்கிறார். அடித்தவர் தானே போய்ச் சொல்கிறார், அடிபட்டவர் வாயைத் திறக்கவில்லை. இந்த விசித்திரத்தை மனத்தில் வைத்துக்கொள்வோம்.

அந்த நட்சத்திரம் ஜெரமி கிளார்க்சன். நிகழ்ச்சி 'டாப் கியர்'. 1977-இல் கார் வாங்குவோருக்கு யோசனை சொல்லும் சாதுவான நிகழ்ச்சியாக ஆரம்பித்து, 2001-இல் நின்றுபோன அதை, கிளார்க்சனும் அவருடைய பள்ளித் தோழர் ஆண்டி வில்மனும் 2002-இல் வேறு உருவத்தில் எழுப்பினார்கள். கார் ஒரு சாக்கு. மூன்று நடுவயது ஆண்கள் ஒருவரையொருவர் சீண்டிக்கொண்டு ஊர் சுற்றுவதுதான் விஷயம். 2013-இல் கின்னஸ் புத்தகம் உலகில் மிக அதிகமாகப் பார்க்கப்படும் புனைவல்லாத தொலைக்காட்சி நிகழ்ச்சி என்று அதைப் பதிவு செய்தது. பார்வையாளர்கள் சுமார் 35 கோடி என்பது மதிப்பீடு. பிபிசியின் வணிகக் கிளைக்கு ஆண்டுக்கு 5 கோடி பவுண்டு கொண்டுவந்ததாகச் சொல்லப்பட்டது. அப்படிப்பட்ட நிகழ்ச்சியின் முகத்தை, சம்பவம் நடந்த 21-ஆம் நாள், மார்ச் 25 அன்று, பிபிசி விட்டுவிட்டது.

சர்ச்சைக்காரர் என்பதால் அனுப்பிவிட்டார்கள் என்று ஒரு வரியில் சொல்லிவிடுவது எளிது. ஆனால் சர்ச்சைக்காக அனுப்புவதாக இருந்தால் அதற்குப் பலமுறை வாய்ப்பு வந்தது. 2011-இன் தொடக்கத்தில் மெக்சிகோ கார்களைப் பற்றிப் பேசும் சாக்கில் மூவரும் அந்நாட்டு மக்களைச் சோம்பேறிகள் என்று கிண்டலடித்தார்கள். தூதர் புகார் கொடுக்க மாட்டார், இந்நேரம் தூங்கிக்கொண்டிருப்பார் என்றார் கிளார்க்சன். தூதர் தூங்கவில்லை. அதே ஆண்டு நவம்பர் 30 அன்று பிரிட்டனில் அரசு ஊழியர் வேலைநிறுத்தம். சாயங்கால நிகழ்ச்சி ஒன்றில் விருந்தினராக உட்கார்ந்திருந்த கிளார்க்சன், தெருவெல்லாம் காலி, வேலைநிறுத்தம் பிரமாதம் என்று முதலில் புகழ்ந்தார். பிறகு, பிபிசி என்றால் இரண்டு பக்கமும் சொல்ல வேண்டுமே என்று இழுத்து, இவர்களையெல்லாம் குடும்பத்தார் கண் முன்னால் சுட்டுத்தள்ள வேண்டும் என்றார். பிபிசியின் நடுநிலையைத்தான் அவர் நக்கலடித்தார் என்பது முழுதும் பார்த்தவர்களுக்குப் புரியும். பார்த்தவர்களைவிடக் கேள்விப்பட்டவர்கள் அதிகம். 31,000-க்கு மேல் புகார்கள் வந்தன.

அந்த ஆண்டு டிசம்பர் கடைசியில் இந்தியச் சிறப்பு நிகழ்ச்சி. ஜாகுவார் காரின் பின்பக்கத்தில் கழிப்பறை ஒன்றைப் பொருத்தி, இந்த நாட்டுக்கு வருகிறவர்களுக்கு வயிற்றுப்போக்கு நிச்சயம், ஆகவே இது உதவும் என்பது நகைச்சுவை. லண்டனிலிருந்த இந்தியத் தூதரகம் பிபிசிக்குக் கண்டனக் கடிதம் அனுப்பியது. கிண்டல் இந்தியாவை அல்ல, தொகுப்பாளர்களையே குறிவைத்தது என்று பிபிசி பதில் சொன்னது. 2014-இல் பர்மா நிகழ்ச்சியில் ஆசியர்களைக் கேவலப்படுத்தும் சொல் ஒன்று இரட்டை அர்த்தத்தில் வந்தது. விதிமீறல் என்று ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்காம் தீர்ப்புச் சொன்னது. அதே ஆண்டு மே மாதம், ஒளிபரப்பாகாத பழைய பதிவு ஒன்றில் அவர் கறுப்பினத்தவரை இழிவுபடுத்தும் சொல்லை முணுமுணுத்ததாக ஒரு நாளிதழ் வெளியிட்டது. அவர் மன்னிப்புக் கேட்டார். இனி எங்கேயாவது எப்போதாவது இன்னொரு வார்த்தை தவறினால் வேலை போய்விடும் என்று பிபிசி தன்னிடம் சொல்லிவிட்டதாக அவரே தன் பத்தியில் எழுதினார். ஐந்து மாதம் கழித்து, அர்ஜென்டினாவில், ஃபாக்லாந்துப் போர் நடந்த 1982-ஐ நினைவூட்டும் எண் பலகை கொண்ட காரில் குழு போய், கல்லடி பட்டு, எல்லை தாண்டி சிலிக்கு ஓடியது. எண் தற்செயலானது என்று பிபிசி அவர் பக்கம் நின்றது. வேலை போகவில்லை.

ஆக, கடைசி எச்சரிக்கை வாயைப் பற்றியது. வேலையைப் பறித்தது கை.

இது தற்செயல் இல்லை என்பது என் வாதம். ஒளிபரப்பு நிறுவனங்களைப் பொறுத்தவரை சர்ச்சைப் பேச்சு ஒரு குற்றமே அல்ல, அது சரக்கு. அதற்குத்தான் சம்பளம். வெளியே யாருக்கோ வலித்தால், அந்த வலியின் சத்தமே அடுத்த வார டிஆர்பி. நிறுவனத்தின் கணக்கு தப்புவது வேறு இடத்தில். திரையில் பேசுகிறவர் திரைக்குப் பின்னால், தன்னிடம் வேலை பார்ப்பவர்களிடம், எப்படி நடந்துகொள்கிறார் என்ற விஷயம் சுவரைத் தாண்டித் தெருவுக்கு வந்துவிட்டால் கணக்கு மாறுகிறது. உள்ளேயே இருக்கும் வரை அதற்கும் ஒரு விலை போட்டுத் தீர்த்துவிடுவார்கள். எனக்குத் தெரிந்த பெரிய விலகல்களில் பெரும்பாலானவற்றை நோண்டிப் பார்த்தால் அடியில் கேமராவுக்கு முன்னால் வராத ஒரு தயாரிப்பாளர் இருக்கிறார்.

பிபிசிக்கு இதில் தனியான சங்கடமும் உண்டு. அந்த நிறுவனத்துக்கு இரண்டு பைகள். ஒன்று, வீட்டில் நேரடி ஒளிபரப்பைப் பார்க்கும் ஒவ்வொரு பிரிட்டிஷ் குடும்பமும் கட்டும் உரிமக் கட்டணம். அப்போது ஆண்டுக்கு 145.50 பவுண்டு. இன்னொன்று, நிகழ்ச்சிகளை உலகம் முழுக்க விற்கும் வணிகக் கிளை. கிளார்க்சன் நிரப்பியது இரண்டாவது பையை. தொடக்கத்தில் அந்த வணிகத்தில் அவருக்கே பங்கு இருந்தது. 2012-இல் அதை பிபிசி பெரும் தொகைக்கு வாங்கிக்கொண்டது. ஆனால் நிறுவனத்தின் உயிர் இருப்பது முதல் பையில். அந்தப் பையின் வாயைத் திறப்பதும் கட்டுவதும் நாடாளுமன்றம். 2015 மார்ச்சில் பொதுத்தேர்தலுக்கு ஆறு வாரமே இருந்தது. பிபிசிக்கு உயிர் கொடுக்கும் அரச சாசனம் 2016 இறுதியில் காலாவதியாக இருந்தது. ஊழியரை அடித்தவரை லாபத்துக்காக வைத்துக்கொண்டார்கள் என்ற பேரோடு அந்தப் பேச்சுவார்த்தைக்குப் போய் உட்கார முடியுமா?

அதைவிடப் பெரிய பேய் ஒன்று அந்தக் கட்டடத்தில் உலாவிக்கொண்டிருந்தது. ஜிம்மி சாவில் பல பத்தாண்டுகள் பிபிசியின் செல்லப்பிள்ளையாக இருந்தவர். 2011-இல் அவர் இறந்த மறு ஆண்டு, அவர் எத்தனையோ குழந்தைகளைப் பாலியல் வன்கொடுமைக்கு ஆளாக்கிய கதை போட்டிச் சேனலில் வெளியானது. பிபிசியின் சொந்தச் செய்திப் பிரிவு அதே விஷயத்தை ஆராய்ந்து, பிறகு கைவிட்டிருந்ததும் தெரிந்தது. அந்தச் சுழலில் தலைமை இயக்குநர் ஒருவர் பதவியேற்ற 54-ஆம் நாள் விலகினார். தொடர்ந்து 2013-இல் பிபிசி தன் பணியிடத்தைப் பற்றித் தானே ஆராய்ந்தபோது, மிரட்டலைப் பற்றிப் புகார் கொடுக்கவே ஊழியர்கள் பயப்படுகிறார்கள் என்றும், நிறுவனத்துக்கு அவர்களால் கிடைக்கும் மதிப்பைக் காரணம் காட்டிச் சிலரைத் தொடவே முடியாது என்ற எண்ணம் பரவியிருக்கிறது என்றும் தெரியவந்தது. உதட்டில் ரத்தம் வந்தும் புகார் எழுதாத தயாரிப்பாளரை இப்போது நினைத்துப் பாருங்கள். அவருக்கு அந்த அறிக்கையைப் படிக்க வேண்டிய தேவை இருந்திருக்காது.

அந்த 21 நாள்களும் தனிக் கூத்து. எந்த அலுவலகத்திலும் குமாஸ்தா ஒருவர் சக ஊழியரின் உதட்டைக் கிழித்தால் மறுநாள் காலைக்குள் காரியம் முடிந்துவிடும். இங்கே அப்படி இல்லை. மார்ச் 10 அன்று இடைநீக்கம். ஸ்காட்லாந்து பிபிசியின் தலைவர் கென் மக்குவாரியிடம் விசாரணைப் பொறுப்பு. இடையில் கிளார்க்சனைத் திரும்ப எடுக்கச் சொல்லி இணையத்தில் 10 லட்சம் பேர் கையெழுத்திட்டார்கள். அந்த மனுவை ராணுவ பீரங்கி வண்டி ஒன்றில் ஏற்றி, 'டாப் கியர்' நிகழ்ச்சியில் முகம் காட்டாமல் வரும் வெள்ளை உடை ஓட்டுநரைப்போல வேஷமிட்ட ஒருவரோடு, லண்டனில் பிபிசி வாசலுக்குக் கொண்டுவந்தார்கள். பிரதமர் டேவிட் கேமரன், கிளார்க்சன் தன் தொகுதிக்காரர், நண்பர், பெரும் திறமைசாலி என்று சொல்லி வைத்தார். அடி வாங்கியவரை ரசிகர்கள் சமூக ஊடகத்தில் வறுத்தெடுத்தார்கள். தலைமை இயக்குநர் டோனி ஹாலுக்குக் கொலை மிரட்டலே வந்தது. 'ஒரு கார் நிகழ்ச்சிக்காகவா!' என்று மலைப்பாக இருக்கிறது; ஆனால் நம் ஊர்ப் பக்கம் பார்த்து அப்படி மலைக்க நமக்கு யோக்கியதை இல்லை.

ஹால் கடைசியில் வெளியிட்ட அறிக்கையை ஊன்றிப் படித்தால் ஒன்று தெரியும். பதவியையோ, விளம்பரத்தையோ, வணிகத்தையோ பார்த்து ஒருவருக்கு ஒரு நீதி, மற்றவருக்கு வேறு நீதி இருக்க முடியாது என்பது அதன் சாரம். கண்டிப்பான பேச்சு. ஆனால் 'பணிநீக்கம்' என்ற சொல் அதில் இல்லை. கிளார்க்சனின் ஒப்பந்தம் அந்த மாதக் கடைசியோடு முடிகிறது, அதைப் புதுப்பிக்கவில்லை, அவ்வளவுதான். காலண்டர் கைகொடுத்தது. இந்தத் தொழிலில் யாரையும் யாரும் நீக்குவதில்லை. ஒப்பந்தம் முடிகிறது, இரு தரப்பும் பேசிப் பிரிகிறார்கள், நிகழ்ச்சிக்கு 'இனி திரும்ப மாட்டார்'. நீக்கினேன் என்று எழுதினால் எதற்காக என்று எழுத வேண்டும். எழுதினால் வழக்கு வரும். வழக்கு வந்தால் இத்தனை நாள் என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்ற கேள்வியும் கூடவே வரும்.

அட்லாண்டிக்கைத் தாண்டினால் இதே நாடகம் வேறு கணக்கில் நடக்கிறது. ஃபாக்ஸ் நியூஸ் 1996-இல் தொடங்கியபோதே வந்து சேர்ந்தவர் பில் ஓ'ரைலி. இரவு 8 மணி அவருடையது. கடைசி மாதங்களில் சுமார் 40 லட்சம் பேர் பார்த்தார்கள், அமெரிக்கக் கேபிள் செய்தியில் அதுதான் உச்சம். 2017 ஏப்ரல் 1 அன்று 'நியூயார்க் டைம்ஸ்' ஒரு செய்தி போட்டது: அவர்மேல் பாலியல் தொல்லை உள்ளிட்ட புகார்கள் சொன்ன ஐந்து பெண்களுக்கு மொத்தம் 1.3 கோடி டாலர் கொடுத்துச் சமரசம் செய்யப்பட்டிருக்கிறது. ஓ'ரைலி புகார்களை மறுத்தார். அவற்றில் மிகப் பெரிய சமரசம் 2004-இல், அவருடைய நிகழ்ச்சியின் தயாரிப்பாளராக இருந்த பெண்ணோடு நடந்தது. அப்போதே அது நாடறிந்த விஷயம். அதற்குப் பிறகு 13 ஆண்டு அவர் அதே மேசையில் உட்கார்ந்திருந்தார். 2017 அக்டோபரில் அதே நாளிதழ் இன்னொன்றும் சொன்னது: 2017 ஜனவரியில் இன்னொரு பெண்ணோடு 3.2 கோடி டாலருக்குச் சமரசம்; அடுத்த மாதமே நிறுவனம் ஆண்டுக்கு 2.5 கோடி டாலர் என்று அவருடைய ஒப்பந்தத்தைப் புதுப்பித்திருக்கிறது. சமரசம் நடந்தது தெரியும், தொகைதான் தெரியாது என்றது நிறுவனம். அப்படியே வைத்துக்கொள்வோம்.

பிப்ரவரியில் புதுப்பித்தவரை ஏப்ரல் 19 அன்று அனுப்பினார்கள். நடுவில் அவர் நடத்தை மாறவில்லை. சுவர் விழுந்ததுதான் நடந்தது. செய்தி வந்த சில நாளில் மெர்சிடிஸ் பென்ஸ் விளம்பரத்தை விலக்கிக்கொண்டது. தொடர்ந்து 50-க்கு மேற்பட்ட நிறுவனங்கள் விலகின. ஆனால் விளம்பரம் மட்டும் காரணம் என்று நான் நினைக்கவில்லை. ஃபாக்ஸின் உரிமையாளரான முர்டாக் குடும்பம் அப்போது பிரிட்டனின் ஸ்கை நிறுவனத்தில் தன் கையில் இல்லாத 61 சதவீதத்தை 1,170 கோடி பவுண்டுக்கு வாங்கப் பார்த்துக்கொண்டிருந்தது. ஒளிபரப்பு உரிமம் வைத்திருக்கத் தகுதியும் யோக்கியதையும் உள்ளவர்கள்தானா இவர்கள் என்பதைப் பிரிட்டிஷ் ஒழுங்குமுறையாளர்கள் பரிசீலிக்க வேண்டியிருந்தது. நியூயார்க்கில் ஒரு மேசையில் இருப்பவரின் நடத்தை, லண்டனில் ஒரு கையெழுத்தைத் தடுக்கக்கூடிய நிலை. 40 லட்சம் பார்வையாளர்கள் அந்தக் கையெழுத்தைப் போட மாட்டார்கள். ஓ'ரைலி அன்று ரோமில் விடுமுறையில் இருந்தார். வாட்டிகனில் போப்பாண்டவரோடு கை குலுக்கும் படம் வந்த அதே நாளில் வேலை போன செய்தியும் வந்தது.

விளம்பரத்துக்கு ஏன் அவ்வளவு எடை கொடுக்க மாட்டேன் என்கிறேன் என்றால், அடுத்து அதே 8 மணிக்கு வந்தவரின் கதையால். டக்கர் கார்ல்சன், குடியேறிகளால் நாடு ஏழையாகிறது, அழுக்காகிறது என்று 2018 டிசம்பரில் பேசியபோது இருபதுக்கும் மேற்பட்ட விளம்பரதாரர்கள் ஓடினார்கள். பிறகும் அலை அலையாக ஓடினார்கள். கடைசியில் பெரிய கம்பெனிகளே இல்லாமல், தலையணை விற்கும் ஒரு நிறுவனம்தான் இடைவேளை முழுக்க வந்துகொண்டிருந்தது. அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. காரணம், அமெரிக்கக் கேபிள் செய்திச் சேனலின் முதன்மை வருமானம் விளம்பரம் இல்லை. கேபிள் இணைப்பு உள்ள ஒவ்வொரு வீட்டிலிருந்தும், அங்கே யாரும் ஃபாக்ஸ் பார்க்காவிட்டாலும்கூட, கேபிள் நிறுவனம் மாதம் இவ்வளவு என்று சேனலுக்குக் கட்டுகிறது. அந்தக் காலத்தில் ஃபாக்ஸின் கேபிள் பிரிவு வருமானத்தில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு அதுதான். நம் ஊரில் கட்டணச் சேனல்களுக்கும் கேபிள்காரர்களுக்கும் நடக்கும் இழுபறியைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. பேரம் பேச உட்காரும்போது, 'இந்தச் சேனலை எடுத்துவிட்டால் வீட்டுக்காரர் இணைப்பையே துண்டித்துவிடுவார்' என்று சொல்ல முடிவதுதான் பலம். அந்த வெறிகொண்ட விசுவாசத்தைக் கார்ல்சன் உண்டாக்கித் தந்தார். விளம்பரதாரர் போனால் போகட்டும்.

அப்படிப்பட்டவர் 2023 ஏப்ரல் 21, வெள்ளிக்கிழமை, பீட்சா கொண்டுவரும் இளைஞர் ஒருவரோடு உட்கார்ந்து பீட்சா தின்றபடி நிகழ்ச்சியை முடித்து, திங்களன்று சந்திப்போம் என்று விடைபெற்றார். திங்கள் காலை நிறுவனத் தலைவரிடமிருந்து போன். அன்று பங்குச் சந்தையில் ஃபாக்ஸ் பங்கு கிட்டத்தட்ட 3 சதவீதம் இறங்கியது.

காரணத்தை நிறுவனம் சொல்லவில்லை, இன்றுவரை ஊகம்தான். சுற்றியிருந்த சூழ்நிலை மட்டும் எல்லாருக்கும் தெரியும். ஆறு நாள் முன்புதான், 2020 தேர்தலில் வாக்கு எந்திரம் மோசடி செய்ததாகப் பரப்பிய வழக்கில் டொமினியன் நிறுவனத்துக்கு ஃபாக்ஸ் 78.75 கோடி டாலர் தரச் சம்மதித்திருந்தது. அந்த வழக்குக்காகத் தோண்டியெடுத்த குறுஞ்செய்திகளில், கார்ல்சன் திரையில் தூக்கிப் பிடித்த டிரம்ப்பை உள்ளுக்குள் எவ்வளவு வெறுத்தார் என்பதும், தன் மேலதிகாரிகளையும் சக ஊழியர்களையும் என்னென்ன பேசினார் என்பதும் இருந்தன. தனக்குச் சம்பளம் தருகிறவர்களை எழுத்தில் திட்டிய ஆவணம் நீதிமன்றக் கோப்பில் ஏறிவிட்டது. இன்னொரு பக்கம், அவருடைய நிகழ்ச்சியில் வேலை பார்த்த பெண் தயாரிப்பாளர் ஒருவர், அங்கே பெண்களுக்கு வேலை பார்க்க முடியாத சூழல் இருந்தது என்று மார்ச்சில் வழக்குப் போட்டிருந்தார். ஜூன் இறுதியில் அது 1.2 கோடி டாலருக்கு முடிந்தது. யார்க்‌ஷயர் ஹோட்டலில் ஆரம்பித்த வரிசையில் இதுவும் ஒரு தயாரிப்பாளர். கார்ல்சன் ஆறு ஆண்டு காலம் ஒவ்வொரு ராத்திரியும் பேசியவை அவரை அனுப்பவில்லை. போனில் தட்டியவையும் பின்னறையில் நடந்தவையும் வாசலுக்கு வந்த சில வாரத்தில் போனார்.

இந்த வாதம் எல்லா இடத்திலும் பொருந்துமா என்றால், இல்லை. பேச்சுக்காகவே போனவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் எனக்கு முதலில் நினைவுக்கு வருபவர் ஃபில் டோனஹ்யூ. ஓ'ரைலிக்கு எதிரே அதே 8 மணிக்கு எம்எஸ்என்பிசியில் பேசியவர். அந்தச் சேனலிலேயே அதிகம் பேர் பார்த்த நிகழ்ச்சி அவருடையது. ஈராக் போர் தொடங்க மூன்று வாரம் இருக்கும்போது, 2003 பிப்ரவரி 25 அன்று நிறுத்திவிட்டார்கள். போர்க்காலத்தில் இவரைப்போன்ற போர் எதிர்ப்பாளர் நிறுவனத்துக்குச் சங்கடமான முகமாக இருப்பார் என்ற உள்சுற்று அறிக்கை பிறகு கசிந்தது. அவர் யாரையும் அடிக்கவில்லை, யாருக்கும் பணம் கொடுத்து வாயடைக்கவில்லை. இதைப் படித்த பிறகு 'சர்ச்சைக்குரிய' என்ற அடைமொழியையே சந்தேகத்தோடு பார்க்கிறேன். கிளார்க்சனுக்கும் அதே சொல், டோனஹ்யூவுக்கும் அதே சொல். வெளியே எளியவர்களைச் சீண்டும் சர்ச்சை விலைபோகிறது; நிறுவனத்தின் உரிமையாளருக்கு அரசாங்கத்தோடு முட்டலை உண்டாக்கும் சர்ச்சை ஒரு வாரம்கூடத் தாங்காது.

கிளென் பெக்கை எடுத்துக்கொண்டால், ஒபாமா வெள்ளையர்மேல் ஆழமான வெறுப்புக் கொண்டவர் என்று 2009 ஜூலையில் அவர் சொன்னதும் விளம்பரதாரர் புறக்கணிப்பு தொடங்கியது. ஆனாலும் ஃபாக்ஸில் 2011 ஜூன் வரை இருந்தார். பார்வையாளர் எண்ணிக்கையும் இறங்க ஆரம்பித்த பிறகுதான் பிரிவு. பியர்ஸ் மோர்கன் கதை கொஞ்சம் சிக்கலானது. 2021 மார்ச்சில், தற்கொலை எண்ணம் வந்ததாக பிரிட்டிஷ் அரச குடும்பத்து மருமகள் மேகன் பேட்டியில் சொன்னதை நம்ப மாட்டேன் என்று அவர் பிரிட்டனின் ஐடிவி காலை நிகழ்ச்சியில் சொன்னார். மறுநாள் அதே மேடையில் சக தொகுப்பாளர் ஒருவர் முகத்துக்கு நேரே கண்டித்ததும் எழுந்து வெளியே நடந்தார். மன நலத்துக்காகப் பெரிய பிரசாரம் நடத்திக்கொண்டிருந்த சேனல் அது. மன்னிப்புக் கேட்கச் சொன்னார்கள், மறுத்தார், அன்றே விலகினார். அவருடைய காலை நிகழ்ச்சி பிபிசியின் காலை நிகழ்ச்சியைப் பார்வையாளர் எண்ணிக்கையில் முதன்முறையாக மிஞ்சியதும் அன்றுதான். 50,000-க்கு மேல் புகார் குவிந்த அந்தப் பேச்சில் விதிமீறல் இல்லை என்று ஆஃப்காம் செப்டம்பரில் சொன்னது. ஒழுங்குமுறையாளர் தடுக்காத பேச்சைச் சேனல் ஏன் தாங்கவில்லை? பேச்சுத்தான் காரணம் என்பவர்களோடு நான் சண்டைபோட மாட்டேன். ஆனால் வீட்டுக்குள் ஒருவர் நேரலையில் எதிர்த்து நின்றது இல்லாமல், மன்னிப்பு என்ற பேச்சு அன்றைக்கே வந்திருக்குமா என்று எனக்குச் சந்தேகம்.

பிரிந்த பிறகு யாருக்கு நஷ்டம் என்பதற்கும் ஒரே விடை இல்லை. ஃபாக்ஸுக்கு அது பழகிவிட்டது. ஓ'ரைலி போனார், கார்ல்சன் வந்தார். பார்வையாளர்கள் இருந்த இடத்திலேயே இருந்தார்கள். கார்ல்சன் போனதும் அந்த மணிநேரம் பாதிக்குப் பாதி விழுந்தது, சில வாரம் போட்டிச் சேனல் துள்ளியது. ஜூலையில் ஜெஸ்ஸி வாட்டர்ஸ் வந்து உட்கார்ந்ததும் மெல்ல மெல்ல ஏறியது. அங்கே மக்கள் பார்ப்பது மணியை. ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் எந்தச் சேனலில் நிற்க வேண்டும் என்று விரலுக்குத் தெரியும். கார்ல்சன் ட்விட்டரில் தனியாகப் பேச ஆரம்பித்தபோது, ஒப்பந்தம் இன்னும் முடியவில்லை, நிறுத்திக்கொள் என்று ஃபாக்ஸ் வக்கீல் கடிதம் அனுப்பியது. நீக்கப்பட்டவருக்குச் சம்பளம் தொடர்ந்தது. பேசுவதற்கு அல்ல, பேசாமல் இருப்பதற்கு.

பிபிசிக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. வாரம் ஒருமுறை, ஆண்டில் சில வாரங்களே வரும் நிகழ்ச்சியில் பழக்கம் ஒட்டாது. 2016 மே 29 அன்று கிறிஸ் எவன்ஸ் தலைமையில் புதிய 'டாப் கியர்' வந்தது. 50 லட்சத்துக்குக் குறைந்தால் ஏமாற்றமாக இருக்கும் என்று சொல்லியிருந்தார் எவன்ஸ். முதல் இரவுக் கணக்கு 44 லட்சம், தொடரின் கடைசி வாரம் 19 லட்சம். மறுநாள் அவரும் விலகினார். கிளார்க்சன், அவருடைய சக தொகுப்பாளர்கள் ஹாமண்ட், மே ஆகிய மூவரையும், கூடவே வில்மனையும், அமேசான் ஏற்கனவே அள்ளிக்கொண்டு போயிருந்தது. 2016 நவம்பரில் 'தி கிராண்ட் டூர்' தொடங்கியது. பத்து ஆண்டு முன்னால் என்றால் பிபிசியை விட்டால் போக்கிடம் ஏது? இப்போது விலக்கப்பட்டவருக்கு உண்டான தண்டனை, இன்னும் பெரிய பட்ஜெட். அடிபட்ட தயாரிப்பாளருக்கு 2016 பிப்ரவரியில் நீதிமன்றத்துக்கு வெளியே 1 லட்சம் பவுண்டுக்கு மேல் இழப்பீடும், கிளார்க்சனின் பகிரங்க மன்னிப்பும் கிடைத்தன.

கிளார்க்சனோடு எடுத்து முடிக்காமல் கிடந்த படத்துண்டுகளை என்ன செய்வது என்று பிபிசி கொஞ்ச நாள் திண்டாடியது. கடைசியில் 2015 ஜூன் 28 அன்று அவற்றை ஒட்டிப்போட்டு ஒளிபரப்பினார்கள். அரங்கில் பார்வையாளர்கள் இல்லை. ஹாமண்டும் மேயும் மட்டும் நின்றார்கள். பக்கத்தில் ஆளுயரத்தைவிடப் பெரிய ஒரு யானை பொம்மை. எல்லார் கண்ணுக்கும் தெரிகிற, ஆனால் யாரும் வாய்விட்டுச் சொல்லாத சங்கதிக்கு ஆங்கிலத்தில் அறைக்குள் யானை என்று ஒரு சொலவடை. நாம் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்போம். அந்த யானைக்குப் பக்கத்தில் நின்றபடி இருவரும் நிகழ்ச்சியை நடத்திக்கொண்டு போனார்கள்.